வாயில்லாச் சீவனின் நோவு

நோயுற்ற மனிதர் தம்மிடம் வந்ததும் மருத்துவர் முதலில் கேட்பது, "உடம்புக்கு என்ன செய்கிறது?" என்பதே. "குனிந்தால் நெற்றி கனக்கிறது, காலையில் கூடுதலாக இருக்கிறது, ஒரு பக்க மூக்கு அடைத்துக்கொள்கிறது" என்று நோயாளி சொல்லும் இரண்டொரு வாக்கியங்களிலேயே நோயைத் தேடிப் போகும் வழியில் பாதித் தூரம் கடந்துவிடுகிறது. கால்நடை மருத்துவத்தைத் தொழிலாகக் கொண்ட நமக்கு அந்தப் பாதித் தூரம் வாய்த்ததில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மருந்தக முற்றத்தில் நம்முன் வந்து நின்ற மாடும் ஆடும் குதிரையும் தம் நோவை ஒருநாளும் வாய்திறந்து சொன்னதில்லை. சொல்லாததைக் கேட்கப் பழகுவதே நம் தொழில் என்பது மெல்ல மெல்லத்தான் விளங்கிற்று.

அவற்றுள்ளும் குதிரை தன் வலியை மறைப்பதில் வல்லது. புல்வெளியில் கொன்றுண்ணும் விலங்குகளுக்கு அஞ்சி வாழ்ந்த இனம் அது. நொண்டுவதும் தலை தொங்கி நிற்பதும் பகைக்குத் தன்னைக் காட்டிக்கொடுப்பதாகும். எனவே, தாங்க முடிகிற மட்டும் தாங்கிக்கொண்டு, வண்டியில் பூட்டினால் ஓடும், கொள்ளு வைத்தால் தின்னும். நோய் முற்றிய பிறகே நமக்குச் செய்தி வரும். அவ்வாறு மறைந்து வளரும் நோய்களுள் ஒன்று, நம் முன்னோர் மனிதருக்குப் பீனிசம் என்று பெயரிட்ட சைனஸ் நோய். குதிரைக்கும் அது உண்டு என்றால் வாசகர் சிலர் வியக்கக்கூடும். ஆனால், குதிரையின் தலை அமைப்பை அறிந்தவர் வியக்கமாட்டார்.

மண்டைக்குள் மறைந்த அறைகள்

குதிரையின் நீண்ட முகத்தைக் காண்பவர், அது முழுவதும் எலும்பும் தசையும் என்றே எண்ணுவர். உண்மையில் நெற்றிக்கு உட்புறமும் கண்ணுக்குக் கீழும் பெரும்பகுதி காற்று நிறைந்த வெற்றிடம். பக்கத்துக்கு ஏழு குழிவறைகளாக அது பிரிந்து கிடக்கிறது. அவ்வறைகளின் உட்சுவரை மெல்லிய சவ்வு ஒன்று போர்த்தியிருக்கிறது. அச்சவ்வு சிறிது சளியைச் சுரக்கிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் அச்சளியை ஓயாமல் வாயிலை நோக்கித் தள்ளுகின்றன. அறைகள் பெரியவை. ஆனால் அவை அனைத்தும் இறுதியில் மூக்கினுள் வடியும் வழியோ குறுகிய ஒரு பிளவு. சவ்வு வீங்கினாலும் சளி கெட்டியானாலும் அப்பிளவு அடைபடும். அடைபட்ட அறையில் கிருமி பெருகும். சீழ் தேங்கும். தேங்கியது நாளடைவில் பாலாடைக்கட்டி போல் இறுகும்.

இன்னொரு செய்தியும் உண்டு. குதிரையின் மேல்தாடையில் பக்கத்துக்கு ஆறு அரைக்கும் பற்கள் உள்ளன. வாய்க்குள் நாம் காண்பது அப்பல்லின் சிறு பகுதியே. இளங்குதிரையின் பல் 7 சென்டிமீட்டருக்கும் அதிகமான நீளம் உடையது. அதன் பெரும்பகுதி எலும்புக்குள் புதைந்திருக்கிறது. புல்லை அரைத்து அரைத்து மேற்பகுதி தேயத் தேய, ஆண்டுக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் அளவில் பல் கீழிறங்கிக்கொண்டே வருகிறது. ஒரு குதிரைக்கு வாழ்நாள் முழுவதற்குமான பல் பிறவியிலேயே சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது எனலாம். வரிசையின் பின்பகுதியிலுள்ள பற்களின் வேர்கள், பொதுவாக மூன்றும் பல குதிரைகளில் நான்குமாக, மேல்தாடைக் குழிவறைகளின் தரையிலேயே பதிந்திருக்கின்றன. வேருக்கும் அறைக்கும் இடையே இருப்பது மெல்லிய எலும்புத் தகடு மட்டுமே. வயது ஏற ஏறப் பல் இறங்கி, அறை அகன்றுகொண்டு போகிறது. வாயிலுள்ள பல்லில் நோய் வந்தால் மூக்கில் ஏன் சீழ் வடிகிறது என்பதற்கு விடை இந்த அமைப்பில் இருக்கிறது.

ஆகவே குதிரையின் சைனஸ் நோய் இரு வகைப்படும். கிருமி நேரே அறைக்குள் புகுந்து விளைவிப்பது ஒன்று. பல்வேர் அழுகியோ, நீர்க்கட்டி தோன்றியோ, உள்ளே இரத்தக்கட்டி வளர்ந்தோ, அடிபட்டோ, அரிதாகப் புற்று வந்தோ, அதன் விளைவாக அறை சீழ்பிடிப்பது மற்றொன்று. வெளியே தெரிவதென்னவோ இரண்டிலும் ஒன்றுதான். மூக்கு ஒழுகுகிறது.

கையும் காதும் மூக்கும்

மூக்கொழுகும் குதிரை வந்தால் நாம் முதலில் பார்ப்பது, ஒழுக்கு ஒரு பக்கமா இரு பக்கமா என்பதையே. நுரையீரலிலிருந்து வருவது பெரும்பாலும் இரு நாசியிலும் வரும். ஒரு பக்கமே வடிந்தால், அந்தப் பக்கத்து முகத்துக்குள் ஏதோ இருக்கிறது என்று பொருள். அடுத்து, புறங்கையை இரு நாசிக்கும் முன்னால் பிடித்து மூச்சின் வேகத்தை ஒப்பிடுகிறோம். குதிரையால் வாய்வழி மூச்சுவிட இயலாது. மூக்கு ஒன்றே அதற்கு வழி. எனவே ஒரு பக்கம் மூச்சு மெலிந்திருந்தால் அது சிறிய குறையன்று. பின்னர் முகத்தை நேர் எதிரில் நின்று பார்க்கிறோம். ஒரு கன்னம் புடைத்திருக்கிறதா, ஒரு கண்ணில் மட்டும் நீர் வடிகிறதா, தாடைக்கீழ் நெறி கட்டியிருக்கிறதா என்று தேடுகிறோம்.

அதன்பின் தட்டிப் பார்த்தல். குதிரையின் வாயைச் சற்றே திறந்து பிடித்துக்கொண்டு, விரல் நுனியால் கண்ணுக்குக் கீழே மெல்லத் தட்டினால், காற்று நிறைந்த அறை வெறும் பானையைப் போல் ஒலிக்கும். சீழ் நிறைந்த அறை நீர் நிறைந்த குடத்தைப் போல் மந்தமாக ஒலிக்கும். இடத்தையும் வலத்தையும் மாறி மாறித் தட்டிக் கேட்க வேண்டும். கூட்டமும் பேச்சும் நிறைந்த மருந்தக முற்றத்தில் இதற்கு வேண்டிய அமைதி எளிதில் கிடைப்பதில்லை. ஆயினும் விலை கொடுத்து வாங்காத கருவி இதுவே.

நாற்றமும் ஒரு சாட்சி. கிருமி மட்டும் விளைவித்த சீழில் அவ்வளவாக நாற்றமிராது. பல்வேர் அழுகியதில் எழும் நாற்றமோ, ஒருமுறை முகர்ந்தவருக்கு மறக்காது. இரத்தம் கலந்து கசிந்தால் உள்ளே வளரும் இரத்தக்கட்டியையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒரே அடையாளம், இரு நோய்கள்

மூக்கொழுகும் குதிரையைக் கண்டவுடன் பழைய குதிரைக்காரர்கள் அஞ்சி விலகுவதற்குக் காரணம் ஒன்று உண்டு. அது கிளாண்டர்ஸ் என்னும் கொடிய தொற்றுநோய். குதிரையிலிருந்து குதிரைக்கும், குதிரையிலிருந்து மனிதருக்கும் தொற்றவல்லது. அதுவும் சில வேளைகளில் ஒரு நாசியிலேயே தொடங்கும். அதிலும் தாடைக்கீழ் நெறி கட்டும். பார்வையால் மட்டும் பிரித்தறிய முயல்வது ஆபத்து.

இக்குழப்பம் நெடுங்காலத்தது. பிரான்சு நாட்டில், அரச லாயத்தில் லாடம் கட்டும் தொழிலிலிருந்து உயர்ந்த எத்தியென் கியோம் லாஃபோஸ் என்பவர், 1749ஆம் ஆண்டில் இந்நோயின் உண்மையான இருப்பிடம் எது என்பது பற்றி ஒரு நூல் வெளியிட்டார். உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி லியோன் நகரில் தோன்றியதே 1761இல்தான் என்பதை எண்ணினால், அவருடைய துணிவு விளங்கும். நோயின் இருப்பிடம் மூக்கின் உட்சவ்வே என்று அவர் வாதிட்டார். அப்படியானால் மருந்து அங்கே நேரடியாகச் சென்று சேர வேண்டும். அதற்காக அவர் குதிரையின் முக எலும்பில் துளையிட்டு, குழிவறைகளுக்குள் மருந்துநீரைச் செலுத்திக் கழுவினார்.

கிளாண்டர்ஸ் அவ்வாறு கழுவித் தீரும் நோயன்று. அதன் கிருமியை 1882இல் ஜெர்மனியில் லோஃப்லரும் ஷூட்சும் பிரித்தெடுத்துக் காட்டினர். ஆயினும் லாஃபோஸ் இட்ட துளை வீணாகவில்லை. கிளாண்டர்ஸ் என்று தவறாகக் கருதப்பட்டுக் கொல்லப்படவிருந்த குதிரைகளுள், வெறும் சைனஸ் சீழ் மட்டும் கொண்டவையும் இருந்திருக்கும். அவற்றுக்கு அத்துளையே உயிர் வாசல். இன்றைக்கும் அறுவை மருத்துவர் குதிரையின் முகத்தில் இடும் துளை, 270 ஆண்டுகளுக்கு முன் அவர் இட்ட துளையின் வழித்தோன்றல்தான்.

நம் நாட்டில் கிளாண்டர்ஸ் நோய்க்கென்றே 1899இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 2009ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. பல ஆண்டுகள் அடங்கியிருந்த அந்நோய் 2006 முதல் இந்தியாவின் பல மாநிலங்களில் மீண்டும் தலைகாட்டியது. நோய் உறுதியானால் குதிரையைக் காப்பாற்ற இடமில்லை. வலியின்றி உயிர்நீக்கம் செய்து புதைக்க வேண்டும். இரத்தப் பரிசோதனையின் ஒரு சொல்லில் ஒரு குதிரையின் உயிரும், அதை நம்பிய குடும்பத்தின் அடுப்பும் தொங்கி நிற்கின்றன.

பெரியவரின் குதிரை

நாம் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, குதிரை வண்டிகள் இன்னும் ஓடிக்கொண்டிருந்த ஒரு சிற்றூரில் பணியாற்றினோம். அங்கே அறுபது வயதைக் கடந்த ஒரு வண்டிக்காரர் தம் பெட்டைக் குதிரையை நடத்திக்கொண்டு வந்தார். ஏழெட்டு வயதிருக்கும். இடது நாசியில் மஞ்சளாக வடிந்துகொண்டிருந்தது.

"ரெண்டு மாசமா இப்படித்தான் டாக்டரய்யா. ஊசி போட்டா ஒரு வாரம் நிக்குது. மறுபடியும் வந்துடுது. மூணு தடவை போட்டாச்சு" என்றார்.

மும்முறை நின்று மும்முறை திரும்பிய ஒழுக்கு, மருந்து பலிக்கவில்லை என்று மட்டும் சொல்லவில்லை. ஊற்று வேறெங்கோ இருக்கிறது என்றும் சொல்லிற்று. குதிரையின் முகத்தருகே குனிந்தபோதே நாற்றம் எழுந்தது. இடது கன்னத்தில் தட்டினோம். மந்தம். வலது கன்னம் தெளிவாக ஒலித்தது. இருந்தும் மேற்கொண்டு வாயைத் திறக்குமுன் இரத்தம் எடுத்து, அரியானா மாநிலம் ஹிசாரிலுள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்தோம். முடிவு வரும்வரை குதிரையைத் தனியே கட்டவும், தொட்டபின் கைகழுவவும், அதன் தண்ணீர்த் தொட்டியில் பிற குதிரைகள் வாய் வைக்காமல் பார்த்துக்கொள்ளவும் சொன்னோம்.

அந்த இரண்டு வாரமும் பெரியவருக்கு எளிதாக இருக்கவில்லை. பொதுக் கொட்டகையில் உடன் நின்ற வண்டிக்காரர்கள் தம் குதிரைகளைப் பிரித்துக்கொண்டு போயினர். பயணிகள் வேறு வண்டி பார்த்தனர். அவர்மீது பரிவுள்ள ஒருவரே ஒரு யோசனையும் சொன்னார். சந்தையன்று விடியற்காலையில் மூக்கைக் குளிர்ந்த நீரால் கழுவி, உள்ளே சிறிது பஞ்சைச் செருகிவிட்டால் அரைநாள் வடியாது, அதற்குள் விற்றுவிடலாம், வந்த பணத்தோடு கொஞ்சம் போட்டு வேறு குதிரை வாங்கிக்கொள்ளலாம் என்பதே அந்த யோசனை. இது புதிதன்று. குதிரைச் சந்தை இருந்த நாடுகளிலெல்லாம் இந்தத் தந்திரம் இருந்திருக்கிறது.

பெரியவர் இதை நம்மிடம் வந்து சொன்னார். சொல்லிவிட்டு, "வாங்கிட்டுப் போறவனும் என்னை மாதிரி ஒரு வண்டிக்காரனாத்தானே இருப்பான்? அவன் வீட்டுலயும் வேற குதிரை நிக்கும். அதுக்கும் ஒட்டிக்கிச்சுன்னா? வேணாம் ஐயா. என்ன முடிவு வருதோ அது எங்கிட்டயே வரட்டும்" என்றார்.

நாம் மறுமொழி ஒன்றும் கூறவில்லை. கூற வேண்டியதும் இருக்கவில்லை. நோய் என்னவென்று தெரியாத அந்த நாள்களில், அவரிடம் இருந்த ஒரே சொத்தை விலையாக வைத்து அவர் எடுத்த முடிவு அது.

பழைய நூலொன்றின் செய்தி அப்போது நம் நினைவுக்கு வந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டியர் கடற்கரைக்கு வந்த வெனிசு நகரத்துப் பயணி மார்க்கோ போலோ, இங்கே ஆண்டுதோறும் பெருந்தொகையான குதிரைகள் கப்பலில் வந்து இறங்குவதையும், அவற்றைப் பேணத் தெரிந்தவர் இல்லாமையால் பெரும்பாலானவை மாண்டுபோவதையும் எழுதி வைத்திருக்கிறார். குதிரை வணிகர்கள் தம்முடன் குதிரை மருத்துவர்களை அழைத்து வருவதில்லை என்றும், வேறு எவரும் வந்துவிடாதபடியும் பார்த்துக்கொண்டனர் என்றும் அவர் சொல்கிறார். குதிரை பிழைத்தால் வணிகம் குறையும் அல்லவா? 'இது போகட்டும், வேறொன்று வாங்கு' என்னும் குரல் இந்தக் கடற்கரைக்குப் பழையதுதான். ஆனால் பெரியவர் அந்தக் குரலுக்குச் செவிசாய்க்கவில்லை.

முடிவு வந்தது. கிளாண்டர்ஸ் இல்லை.

வேர் வரை

இனி வாயைத் திறக்கலாம். மயக்க ஊசி சிறிது செலுத்தி, வாயை விரித்து நிறுத்தும் கருவியை மாட்டி, கைவிளக்கும் நீண்ட பிடியுள்ள கண்ணாடியும் கொண்டு பார்த்தோம். இடது மேல்வரிசையின் நான்காம் பல் நெடுக்காகப் பிளந்திருந்தது. பிளவுக்குள் தவிடும் புல்லும் அடைந்து அழுகியிருந்தன. இந்த நான்காம் பல் குதிரைக்கு ஏறத்தாழ ஒரு வயதாகும்போதே முளைப்பது. நிரந்தரப் பற்களுள் மூத்தது. மேல்வரிசையில் மிகுதியாக நோயுறுவதும் இதுவே. பிளவு வழியே சென்ற கிருமி வேரை அடைந்து, வேரின் மேலுள்ள எலும்புத் தகட்டைத் தின்று, குழிவறையில் சீழாகத் தேங்கியிருந்தது. மூன்று முறை போட்ட ஊசியும் சீழைச் சற்று அடக்கியதே தவிர, பல்லைத் தொடவில்லை. பல் இருக்கும்வரை சீழ் வந்துகொண்டுதான் இருக்கும்.

மாநகரிலிருந்த ஒரு கால்நடை மருத்துவமனைக்குக் குதிரையை அனுப்பினோம், நாமும் உடன் சென்றோம். எக்ஸ்ரே படத்தில், அறைக்குள் தேங்கிய நீர்மத்தின் மேற்பரப்பு ஒரு நேர்கோடாகத் தெரிந்தது. நிற்கும் குதிரையை எடுத்த படத்தில் மட்டுமே அந்தக் கோடு தெரியும்.

அறுவை இரு வழிகளில் நடக்கலாம். குதிரையை முழு மயக்கத்தில் கிடத்திச் செய்வது ஒன்று. அது அஞ்சத்தக்கது. அத்தனை பெரிய உடல் கிடந்த நிலையில் தன் எடையாலேயே தசையையும் நுரையீரலையும் நெரிக்கிறது. எழும்போது கால் முறிவதும் உண்டு. 2002இல் வெளியான ஒரு பெரும் ஆய்வில், வயிற்றுவலி தவிர்ந்த பிற காரணங்களுக்காக முழு மயக்கம் பெற்ற குதிரைகளில் நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்று இறந்ததாகக் கணக்கிடப்பட்டது. மனித மருத்துவத்தோடு ஒப்பிட்டால் இது மிகப் பெரிய எண். மற்ற வழி, குதிரையை நிற்கவைத்தே செய்வது. இரத்தக் குழாய் வழியே அமைதி மருந்து செலுத்தி, முக நரம்பை மரக்கச் செய்து, தலையை ஒரு தாங்கியில் சாய்த்துக்கொண்டால், குதிரை அரைத்தூக்கத்தில் தன் நான்கு காலிலும் நிற்கும். இக்காலத்தில் இயன்றவரை இவ்வழியையே மேற்கொள்கின்றனர்.

பெரியவரின் குதிரைக்கும் அவ்வாறே செய்யப்பட்டது. பல்லை ஈறிலிருந்து மெல்லப் பிரித்து, நீண்ட பிடியுள்ள குறடால் பற்றி, முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக அசைக்க வேண்டும். அவசரப்பட்டால் பல் உடைந்து வேர் உள்ளே தங்கிவிடும். ஏற்கெனவே பிளந்த பல்லாதலால், துண்டு துண்டாக வெளிவர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அறுவை மருத்துவரின் சட்டை முதுகில் நனைந்திருந்தது. பெரியவர் குதிரையின் காதருகே நின்று, தாழ்ந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டே இருந்தார். அமைதி மருந்தின் அளவு குறைந்து குதிரை தலையை உயர்த்தும் போதெல்லாம், அவர் குரல் கேட்டு அது மீண்டும் தாழ்த்திற்று.

அடுத்து முகத்தில் துளை. கண்ணுக்குக் கீழே தோலைச் சிறிது கீறி, வட்டமான துளைக்கருவியைக் கையால் சுழற்றி, ஏறத்தாழ ஒன்றரைச் சென்டிமீட்டர் அகலத்துக்கு எலும்புத் தகட்டை எடுத்தனர். வெதுவெதுப்பான உப்புநீரை அதன் வழியே செலுத்தியதும், முதலில் ஒன்றும் வரவில்லை. வாயில் அடைபட்டிருந்தது. இறுகிய சீழ்க்கட்டியைச் சிறு கரண்டியால் எடுத்த பிறகு, இடது நாசி வழியே கலங்கிய நீர் கொட்டிற்று. குடம் குடமாகக் கழுவக் கழுவ நீர் தெளிந்தது. இவ்வாறு இறுகிக் கிடக்கும் கட்டியை எடுக்காமல் விட்டால், எவ்வளவு மருந்தும் பயன் தராது. அறை மிகவும் நிறைந்தோ, நீர்க்கட்டி வளர்ந்தோ இருந்தால், இச்சிறு துளை போதாது. எலும்பை மூன்று பக்கம் அறுத்து, ஒரு பக்கத்தைக் கீலாகக் கொண்டு கதவுபோல் திறந்து, உள்ளே தூய்மை செய்து மீண்டும் மூட வேண்டும். அப்போது குருதி மிகுதியாகப் பெருகும். இக்குதிரைக்கு அது தேவைப்படவில்லை.

பல் இருந்த பள்ளத்தை மெழுகு போன்ற பொருளால் அடைத்தனர். இல்லையேல் தின்னும் புல் அதன் வழியே ஏறி அறையை மீண்டும் கெடுக்கும். துளையில் ஒரு மெல்லிய குழாய் பொருத்தப்பட்டது. ஊருக்குத் திரும்பிய பின் பத்து நாள்கள் நாமும் பெரியவரும் அக்குழாய் வழியே உப்புநீர் விட்டுக் கழுவினோம். மூன்றாம் நாளிலேயே நாற்றம் போயிற்று. குழாயை எடுத்தபின் சில வாரங்களில் தோல் மூடிற்று. அதன் பிறகே கடிவாளம் ஏறியது.

கண்டறிதலே பாதி மருந்து

இந்நூற்றாண்டில் இத்துறை வேகமாக வளர்ந்திருக்கிறது. மெல்லிய குழாய்க் கண்ணாடியான என்டோஸ்கோப்பை நாசி வழியே செலுத்தி, சீழ் எந்தப் பிளவிலிருந்து கசிகிறது என்று நேரில் காணலாம். அதையே முகத் துளை வழியே செலுத்தி, அறைகளின் உட்புறத்தைச் சுற்றிப் பார்க்கலாம். வசதிமிக்க மருத்துவமனைகளில் குதிரை நின்றபடியே அதன் தலைக்கு மட்டும் சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள். எக்ஸ்ரேயில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும் எலும்பும் பல்லும், அதில் ஏடு ஏடாகப் பிரிந்து தெரிகின்றன. எந்தப் பல் கெட்டது, எந்த அறை நிறைந்தது என்று துல்லியமாகச் சொல்ல முடிகிறது. நலமான பல்லைப் பிடுங்கிவிடும் அபாயம் இதனால் பெரிதும் குறைந்திருக்கிறது.

எல்லாக் குதிரையும் பிழைக்கும் என்று சொல்வதற்கில்லை. கிருமி மட்டும் காரணமான புதிய நோய் பெரும்பாலும் மருந்திலும் கழுவுதலிலும் தீரும். நீர்க்கட்டியை அகற்றினால் நல்ல பலன் உண்டு. உள்ளே வளரும் இரத்தக்கட்டி அகற்றிய பின்னும் திரும்ப வரக்கூடும். புற்றுக்கு இன்னும் நல்வழி காணப்படவில்லை. எது எதுவென்று பிரித்தறிந்தால்தான், எங்கே முயல வேண்டும், எங்கே வீணாகத் துன்புறுத்தாமல் விட வேண்டும் என்பதும் தெரியும். கண்டறிதல் என்பது மருந்துக்கு முன்வரும் வெறும் சடங்கன்று, அதுவே முதல் இரக்கம் என்று நாம் எண்ணுவதற்கு இதுவே காரணம். நோயின் பெயர் தெரியாமல் காட்டும் இரக்கம், ஊசிக்குப்பின் ஊசியாகத் திரும்பத் திரும்பச் சீழை மூடி வைப்பதிலேயே முடிந்துவிடுகிறது.

மனித வாழ்விலும் ஒரு பக்கமாக, விட்டு விட்டு வடியும் துயரங்கள் உண்டு. குடும்பத்தில் அடிக்கடி எழும் ஒரே சச்சரவு, ஆண்டுதோறும் அதே மாதத்தில் வரும் கடன், ஓர் இளைஞனின் முகத்தில் காரணமின்றித் தோன்றி மறையும் வாட்டம் முதலியன. அவை எழும்போதெல்லாம் நாம் துடைத்துவிடுகிறோம். துடைத்ததும் நின்றுவிடுவதால் தீர்ந்தது என்று நம்பியும் விடுகிறோம். மூன்றாம் முறை திரும்பி வரும்போதாவது, ஊற்று எங்கே என்று கேட்கத் தோன்ற வேண்டும். கேட்பதற்கு இடமும் வலமும் தட்டிப் பார்க்கும் பொறுமை வேண்டும். வேரைக் கண்டபின், ஒன்றரை மணி நேரம் ஆனாலும் உடைக்காமல் எடுக்கும் கை வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேரை எடுத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. மேலே பல் இல்லாத இடத்துக்கு நேர் கீழேயுள்ள பல், தேய்த்துக்கொள்ள எதிர்ப்பல் இல்லாமல் நீண்டு வளரும். வளர்ந்து மேல் ஈறைக் குத்தும். எனவே அக்குதிரைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அரத்தால் கீழ்ப்பல்லை ராவிவிட வேண்டும், வாழ்நாள் முழுவதும். பெரியவர் அதைத் தவறாமல் செய்து வந்தார். நாம் பணி மாறிப் போன பிறகும், நமக்குப் பின் வந்தவரிடம் அவர் அக்குதிரையை நடத்திக்கொண்டு வந்ததாகக் கேள்விப்பட்டோம்.

கடற்கரையிலோ, திருவிழாவிலோ, மலையடிவாரத்திலோ வாசகர்கள் குதிரையைக் காண நேர்ந்தால், சவாரிக்கு விலை பேசுமுன் அதன் முகத்தை ஒரு கணம் நேராகப் பாருங்கள். ஒரு நாசியில் மட்டும் வடிகிறதா, ஒரு கண்ணில் மட்டும் நீர் கோத்திருக்கிறதா என்று கவனியுங்கள். இருந்தால் அதைத் தொடாமல், குதிரைக்காரரிடம் அன்பாக ஒரு வார்த்தை சொல்லுங்கள். அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கு வழியும் காட்டுங்கள். அவர் ஒருவேளை பல முறை ஊசி போட்டுச் சலித்துப்போனவராக இருக்கலாம். பல்லைப் பார்த்தாகிவிட்டதா என்று கேளுங்கள்.